உள்ளிழுக்கும் ஆம்

ஆம் என்பதற்கு
இந்த ஊரில் சொல் வேண்டியதில்லை.
உதட்டைக் குவித்து
சட்டென்று ஒரு மடக்குக் காற்றை உள்ளே இழுப்பார்கள்,
சுடும் தேநீரை உறிஞ்சுவதுபோல.
லூலியோவுக்கு வந்த முதல் வாரம்
பஸ் ஓட்டுநரிடம்
ஊருக்குள் போகுமா என்று கேட்டோம்.
அவர் மூச்சிழுத்தார்.
நெஞ்சுவலி என்று நினைத்து
எவாஸ் பாய்ந்து அவர் தோளைத் தாங்கிப் பிடித்தான்.

சிரிக்கத் தொடங்கியது அன்றுதான்.

எவாஸ் கஸ்னிப் பக்கம். ஹப்தோம் கெரென்.
நான் குலேத், கால்காயோ.
மூவருக்கும் பொதுவாக இருந்தது
மூன்று மாத வயதுள்ள ஸ்வீடிஷ்.
அதில் எங்களுக்கு
இறந்தகாலம் இன்னும் நடத்தப்படவில்லை.
'நேற்று நான் பந்து விளையாடுகிறேன்' என்போம்.
'போன வருஷம் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்'
என்பான் ஹப்தோம்.
பாடம் வந்த பிறகும்
அந்த வாக்கியத்தை நாங்கள் திருத்தவில்லை.

மஞ்சள் வீடு. எட்டு அறை, எட்டுச் சாவி,
ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்.
ஒவ்வொரு தட்டிலும் பெயர் ஒட்டியிருக்கும்.
என் முட்டையைத் தின்றுவிட்டான் என்று
ஹப்தோமோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.
முட்டைக்காக இல்லை.
அன்று அவன் அம்மா போனில் கிடைத்தாள்.
என் அம்மா கிடைக்கவில்லை.

ஐந்து பேருக்கு ஜனவரி ஒன்று பிறந்தநாள்;
தேதி தெரியாதவனுக்கு அலுவலகம் எழுதித் தருவது.
இரவுப் பணிக்கு வரும் குன்வோர்
ஒரு கேக்கில் ஐந்து மெழுகுவர்த்தி நட்டு
யாரை ஊதச் சொல்வதென்று திகைத்து நிற்கையில்
அடுப்பில் எவாஸின் வெங்காயம் கருகி
எச்சரிக்கை மணி அலறியது.
காலுறையோடு பனியில் வரிசையாக நின்றோம்.
குன்வோர் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
எல்லைகளில் எத்தனையோ பேர் எண்ணியிருக்கிறார்கள்.
எண்ணிவிட்டு, போதும்
உள்ளே வாருங்கள், கால் விறைக்கும் என்றவள்
இவள் ஒருத்திதான்.

பிப்ரவரியில் கடல் கட்டிப்போகும்.
அதன்மேல் பாதை ஒதுக்கித் தருகிறது நகராட்சி;
தள்ளுவண்டியில் குழந்தையோடு நடக்கிறார்கள்,
நாய்கள், சறுக்குகிறவர்கள்.
எவாஸ் நடுவில் போய்க் குதித்துக் காட்டினான்.
'வா, வெறும் தரைதான்.'
ஹப்தோம் கரையை விட்டு அசையவில்லை.
'கீழே?' என்றான்.
'கீழே மீன்.'
'மீன் மட்டுமா?'
எவாஸ் குதிப்பதை நிறுத்தினான்.
மூவரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.
அடுத்த ஞாயிறு
இரு பக்கமும் நாங்கள் கை கோத்துக்கொள்ள
பதினோரு அடி வைத்தான்.
பன்னிரண்டு என்பான் எவாஸ்.
எண்ணியவன் நான்.

மார்ச்சில் எவாஸின் முழங்காலைப் படமெடுத்தார்கள்.
கடைவாய்ப் பல்லையும்.
அவன் எலும்பே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.
செவ்வாய் வரை அவனுக்குப் பதினாறு.
வியாழன் காலை பதினெட்டு.
பதினேழு என்றொரு வயது
அவனுக்கு வாய்க்கவேயில்லை.
பெரியவனாகிவிட்டதால்
பெரியவர்களின் முகாமுக்குப் போகவேண்டும்.
இரண்டு கறுப்புக் குப்பைப் பையில் துணி.
'தாடி வளர்க்கவா, இனிமேல்?' என்று கேட்டான்.
யாரும் சிரிக்கவில்லை என்பதற்காக
அவனே சிரித்தான்.

ஃப்ரிட்ஜில் அவன் பெயர் உரியாமல் இருக்கிறது.
அந்தத் தட்டில்தான் இப்போது என் முட்டைகளை வைக்கிறேன்.
ஹப்தோம் தொடுவதில்லை.

முகாமிலும் அவன் தங்கவில்லை.
நேற்றிரவு பாரிஸிலிருந்து அழைத்தான்.
பின்னால் ஏதோ பாலம், மேலே ரயில் தடதடப்பு.
சாப்பிட்டாயா என்றேன்.
ஒரு மூச்சு உள்ளே போனது.
படுக்க இடம் இருக்கிறதா?
இன்னொரு மூச்சு.
லூலியோவின் ஆம் அதுதானா,
இல்லை வெறுமனே மூக்கை உறிஞ்சுகிறானா,
எனக்குப் பிடிபடவில்லை.
போனை ஹப்தோமிடம் கொடுத்தேன்.
காதோடு அழுத்தி வெகுநேரம் கேட்டான்.
பிறகு, பதிலுக்கு,
அவனும் ஒரு மூச்சை உள்ளே இழுத்தான்.

ஒரு சொல் இல்லை.
காசு தீரும்வரை
இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.